ஃபார்மட் பண்ணிடலாம்னு சொன்னாங்களா? உபுண்டு ரிகவரி மோடை ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க

மாமா கோவில்பட்டில ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. கடை கம்ப்யூட்டர்ல விண்டோஸ் மாதிரியே ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டமான உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை) நான்தான் போட்டுக் கொடுத்தேன், ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. போன மாசம் ராத்திரி போன் வருது. "மாப்ள, நீ எழுதிக் கொடுத்த அப்டேட் கமாண்ட அடிச்சேன், பாஸ்வேர்டும் கரெக்டாதான் போட்டேன், ஏதோ ஃபைல்ல என் பேரு இல்லையாம், ரிப்போர்ட் பண்ணுவேன்னு சொல்லுதுடா." மனுஷன் நிஜமாவே பயந்துட்டாரு. யாருக்கும் போகாது மாமா, அந்தக் கம்ப்யூட்டர்லயே லாக்ல எழுதி வச்சுக்கும், அவ்ளோதான்னு சொன்ன பிறகுதான் குரல் இறங்குச்சு.

என்ன ஆச்சுன்னா, பிரிண்டர் செட் பண்ண வந்த பையன் மாமா அக்கவுண்ட பிரிண்டர் குரூப்ல சேக்கணும்னு, அக்கவுண்ட் செட்டிங்க மாத்துற யூசர்மாட் கமாண்ட ஓட்டியிருக்கான். அதுல கேப்பிடல் ஜி மட்டும் போட்டு முன்னாடி ஸ்மால் ஏ போடாம விட்டுட்டான். ஏ இருந்தாதான் பழைய குரூப்போட சேந்து புதுசும் ஒட்டும், இல்லேன்னா இருந்த குரூப் எல்லாம் போயிட்டு புதுசு மட்டும்தான் நிக்கும். அட்மின் பவர் கொடுக்கிற சுடோ குரூப் போச்சு, அதோட அந்தப் பவரும் போச்சு. அந்தக் கம்ப்யூட்டர்ல வேற அட்மினே கிடையாது. பக்கத்து சர்வீஸ் கடையில கேட்டதுக்கு ஃபார்மட் பண்ணிடலாம், டேட்டாவுக்கு கேரண்டி இல்லன்னு சொல்லிட்டாங்க. உள்ள பல வருஷத்து கல்யாணப் பத்திரிகை டிசைன், ஜனங்களோட விண்ணப்பம் எல்லாம் கிடக்கு. ஃபார்மட்ங்கிற வார்த்தைய இவ்ளோ ஈசியா சொல்றவங்க மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

அதனாலதான், இப்படி மாட்டிக்கிட்டா சரி பண்றதுக்குன்னு உபுண்டுவோட உள்ளயே இருக்கிற ரிகவரி மோடைப் பத்தி இந்த ரிவ்யூ. தனியா ஒண்ணும் வாங்க வேணாம், பென்டிரைவ் வேணாம், காசு வேணாம். நாங்க இத போன்லயே முடிச்சோம், மாமா ஸ்கிரீன வாசிக்க வாசிக்க நான் சொல்ல அவர் அடிக்க.

உள்ள போறதுதான் இதோட மோசமான பகுதி. கம்ப்யூட்டர் ஆன் ஆகி கம்பெனி லோகோ வந்ததும் எஸ்கேப் கீய தட்டணும், பழைய பயாஸ் மெஷினா இருந்தா ஷிஃப்ட பிடிச்சுக்கிட்டே இருக்கணும். மாமா பதட்டத்துல பத்து தடவ தட்டிட்டாரு, கிரப்ங்கிற ஸ்டார்ட்அப் மெனு வராம கருப்புத் திரையில "கிரப்"னு மட்டும் வந்து கர்சர் மினுக்குது. அங்க நார்மல்னு டைப் பண்ணி என்டர் அடிச்சு உடனே ஒரே ஒரு தடவ எஸ்கேப் தட்டினா மெனு வந்துடும், பயப்பட வேணாம். அதுல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள ரிகவரி மோடுன்னு எழுதின வரி. ஒரு பட்டியல் வரும், மவுஸ் எல்லாம் ஆகாது, ஆரோ கீயாலதான் இறங்கணும். ரூட்னு இருக்கிறத எடுத்து என்டர், திரும்ப ஒரு என்டர். அவ்ளோதான், நீங்கதான் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள அக்கவுண்ட். உபுண்டுல ரூட்டுக்கு பாஸ்வேர்ட் வைக்காம பூட்டியே வச்சிருப்பாங்க, அதனால இங்க பாஸ்வேர்டே கேக்காது.

நேரா யூசர்மாட் அடிச்சாரு, ஃபைல லாக் பண்ண முடியல, அப்புறம் ட்ரை பண்ணுன்னு வந்துச்சு. இந்த மெசேஜ நம்பி காத்துக்கிட்டு இருக்காதீங்க. டிஸ்க் ரீட் ஒன்லியா ஏறியிருக்கு, எழுத விடாது, விஷயம் அதுதான். அத எழுத விடுற மாதிரி மாத்த நான் சொல்லச் சொல்ல அடிச்சாரு: "மவுண்ட், ஸ்பேஸ், மைனஸ் ஓ, ஸ்பேஸ், ரீமவுண்ட் கமா ஆர் டபிள்யூ, ஸ்பேஸ், ஸ்லாஷ். கமாவுக்கு அப்புறம் ஸ்பேஸ் வேணாம் மாமா." அடுத்து யூசர்மாட், மைனஸ் ஸ்மால் ஏ கேப்பிடல் ஜி, சுடோ, அவரு யூசர் பேரு. ஒண்ணுமே சொல்லாம அடுத்த வரிக்கு வந்துடுச்சு. "என்னடா ஒண்ணும் சொல்லல?" ஒண்ணும் சொல்லலேன்னாதான் மாமா நல்லது. ரீபூட் பண்ணி பழைய அப்டேட் கமாண்ட அடிச்சாரு, ஓடுச்சு. ஒரு ஃபைல் கூட போகல.

பாஸ்வேர்ட் மறந்தவங்களுக்கும் இதே இடம்தான். ரீமவுண்ட் பண்ணிட்டு பி ஏ எஸ் எஸ் டபிள்யூ டி, பக்கத்துல யூசர் பேரு, புதுசு ரெண்டு தடவ. டைப் பண்றப்ப ஸ்டார் கூட தெரியாது, கீபோர்ட் வேலை செய்யலன்னு நினைச்சுடாதீங்க. சித்தி லேப்டாப்ல இப்படித்தான் மாத்தினேன். ஆனா லாகின் ஆன பிறகு சேவ் பண்ணின ரகசியங்கள பூட்டி வைக்கிற கீரிங்கோட பாப்அப் வந்து பழைய பாஸ்வேர்டயே கேட்டுச்சு, ஏன்னா சேவ் பண்ணி வச்ச பிரவுசர் ரகசியமெல்லாம் இன்னும் பழைய பூட்டுலதான் இருக்கு. அது ஞாபகம் வரலேன்னா கீரிங்க புதுசாதான் ஆரம்பிக்கணும்.

டெபியன்ங்கிற இன்னொரு லினக்ஸ்ல ரூட் பாஸ்வேர்ட் வச்சு இன்ஸ்டால் பண்ணியிருந்தா ரிகவரி மோடும் அதையே கேக்கும், அங்க இது உதவாது. கிரப் மெனுல ஈ அழுத்தி லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசில init=/bin/bash சேக்குற வழி இருக்கு, இல்லேன்னா சிஸ்டம்ரெஸ்க்யூங்கிற ரிப்பேர் சிஸ்டத்த ஏத்தின பென்டிரைவ். ரெட்ஹேட் வகை லினக்ஸுக்கு வழியே வேற, அங்க எஸ்இலினக்ஸ்ங்கிற பாதுகாப்பு அமைப்புக்காக ஃபைல்கள ரீலேபிள் பண்ண மறந்தா லாகினே ஆகாம நிக்கும். டிஸ்க லக்ஸ்ங்கிற முறையில என்கிரிப்ட் பண்ணி (பாஸ்ஃபிரேஸ் இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி) வச்சிருந்து அந்தப் பாஸ்ஃபிரேஸ் மறந்துட்டா, இது மட்டுமில்ல, எதுவுமே உதவாது.

நமக்கு இவ்ளோ ஈசின்னா கடைக்கு வர்ற எவனுக்கும் இவ்ளோ ஈசிதான். ஜனங்களோட ஆதார் காப்பி கிடக்குற கம்ப்யூட்டர இப்படித் திறந்து வைக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பல. அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப பேக்கப் எடுத்துட்டு, டிஸ்க் என்கிரிப்ஷனோட புதுசா போட்டுத் தரப்போறேன்.

ரேட்டிங் 5-க்கு 4. உள்ள நுழையற வழி இப்படி ஒளிஞ்சிருக்கிறதுக்கும், அந்தக் குழப்புற மெசேஜுக்கும் சேத்து ஒண்ணு குறைச்சிருக்கேன். மாமா கம்ப்யூட்டர்ல இப்ப ரெண்டாவதா ஒரு அட்மின் அக்கவுண்ட் இருக்கு, பாஸ்வேர்ட எழுதி அத்தைகிட்ட கொடுத்தாச்சு.