குறட்டைக்கு ஒரு கவுண்டர், சர்க்கரைக்கு ஒரு கவுண்டர்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த இந்த முறை லீவில் பாதி அண்ணனின் பரிசோதனைகளில் போனது. ஆள் நல்ல பருமன். மாத்திரையைக் கூட்டியும் வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கவில்லை. ராத்திரி குறட்டை ஓங்கி, பட்டென்று நின்று, பிறகு ஒரு திமிறலோடு மூச்சு திரும்பும். "அசதி, அப்படித்தான் தூங்குவார்" என்றார் அண்ணி.

ரத்தப் பரிசோதனை சேவையைக் குறை சொல்லவே முடியாது. காலையில் ரத்தம் கொடுத்தால் மதியம் போனில் ரிப்போர்ட். ஆனால் சர்க்கரை டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, குறட்டைக்குப் பார்த்தவர் சர்க்கரையைக் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் நுரையீரல் டாக்டர்தான். முதல் வேலையாக டேப் எடுத்துக் கழுத்தை அளந்தார். 40 செ.மீ. தாண்டினால் சந்தேகப்பட வேண்டுமாம். அண்ணன் தாராளமாகத் தாண்டினார்.

அண்ணனுக்கு இருப்பது தூக்கத்தில் வரும் மூச்சடைப்பு, அதாவது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம் என்றார். அவர் சொன்னது இது. நாக்கிலும் தொண்டையைச் சுற்றியும் சேர்ந்த கொழுப்பு, தூக்கத்தில் தசை தளர்ந்ததும் மூச்சுப் பாதையை அடைக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் சுரக்கிறது. உடனே கல்லீரல் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை. ராத்திரி முழுக்க இதே கூத்து. தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. எடை இரண்டு நோய்க்கும் பொதுக் காரணம் என்றாலும், மூச்சடைப்பு தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது.

தூக்கப் பரிசோதனைக்கு டெக்னீஷியன் வீட்டுக்கே வந்தார். மார்பில் பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் கிளிப். கட்டிவிட்டுப் போய் காலையில் வந்து கழற்றினார். பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையோ குறைவதையோ எண்ணி, மணிக்கு 5க்குக் கீழே என்றால் சரி, 15 முதல் நடுத்தரம், 30 முதல் தீவிரம் என்று பிரிக்கிறார்கள். அண்ணன் தீவிரம். கையில் தந்தது ஒரு பக்கச் சுருக்கம்தான். ஆக்சிஜன் வரைபடத்தோடு முழு ரிப்போர்ட்டை வற்புறுத்தித்தான் வாங்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் நீங்களும் இந்தத் தூக்கப் பரிசோதனையைச் செய்துகொள்வதாக இருந்தால், விமானம் இறங்கிய கையோடு வேண்டாம்; நேர மாற்றத்தில் தூக்கமே தாறுமாறாக இருக்கும். திரும்பிப்போய் உங்கள் டாக்டரிடம் காட்டும்போது, அங்கே மில்லிமோல் கணக்கென்றால், இங்கே மில்லிகிராமில் தரும் சர்க்கரை எண்ணை 18ஆல் வகுக்க வேண்டும்: 126 என்பது 7.

எரிச்சலூட்டியவர் சிபாப் கருவி விற்க வந்தவர். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவி அது. "இதைப் போட்டா சுகர் தானா போயிடும் சார்" என்றார். அப்படியெல்லாம் இல்லை. பகல் தூக்கம் போகும், ரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கும். மூன்று மாதச் சர்க்கரை அளவில் பல ஆய்வுகள் பெரிய மாற்றம் காணவில்லை. இரண்டையும் ஒருசேர இறக்குவது எடைக் குறைப்புதான். எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியைப் பருமனோடு வரும் இந்த மூச்சடைப்புக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது; அதன் பலனும் பெரும்பாலும் எடை குறைவதால்தான்.

கருவியை வாடகைக்கு எடுத்தோம். முதல் மாஸ்க்கில் காற்று கசிந்தது, இரண்டாவது பொருந்தியது. எத்தனை மணி நேரம் போட்டார் என்பது என் போனிலேயே தெரிகிறது. விடியற்காலை கழற்றி வைத்துவிடுகிறார். கனவுத் தூக்கம் அதிகம் வருவதும், அடைப்பு பெரும்பாலும் மோசமாவதும் அந்த நேரத்தில்தான். போன் போட்டுச் சொன்னால் கேட்பதில்லை. அண்ணியிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறேன்.