பச்சைக் கட்டையில் பத்தே நாளில் காளை: முன்பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் நின்ற வாகை மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அப்பாரு வைத்த மரம். எங்கள் மயிலைப் பூச்சிக்காளையை, அதாவது சாம்பல் நிறப் பொலிகாளையை, அதன் நிழலில்தான் கட்டுவோம். விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அடிமரத்தில் 6 அடி சுற்றளவும் 7 அடி நீளமும் உள்ள ஒரு கட்டையை அறுத்து வைத்தோம். அந்தக் காளையையே அதில் சிலையாகச் செய்து வீட்டுக் கூடமான ஆசாரத்தில் நிறுத்த வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசை. அந்த ஆசையில்தான் 38,000 ரூபாயையும் பாதி மரத்தையும் பறிகொடுத்தேன். வீட்டு மரத்தில் காங்கேயம் காளை செய்து வைக்க நினைக்கும் நம் ஊர்க்காரர் யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

சிலை செய்யக் கட்டையைக் கொடுத்த பட்டறைக்காரரின் பெயரை எழுதப் போவதில்லை. உளி, கொட்டாப்புளி எல்லாம் பழைய காலம், செயின்சாவும் ஆங்கிள் கிரைண்டரும் இருந்தால் 10 நாளில் காளை எழுந்து நிற்கும் அண்ணா என்றார். நம்பிக்கை வருவதற்காக அங்கேயே ஒரு வேப்பங்கட்டையில் வேலையைக் காட்டினார். சாக்குக்கட்டியால் பக்கவாட்டு உருவத்தை வரைந்து, செயின்சாவால் பெரிய துண்டுகளைச் சீவித் தள்ளி, முரட்டு டிஸ்க் போட்ட கிரைண்டரால் கன்னத்தை உருட்டினார். அரை மணி நேரத்தில் ஒரு குதிரை முகம் தெரிந்தது. கண்ணால் பார்த்தேன், மயங்கிவிட்டேன்.

அதே இடத்தில் பார்த்த இன்னொன்று என்னை எச்சரித்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல், ஓடும் செயின்சாவுக்கு எதிரே கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். செயின்சா பட்டையின் நுனி மேல்பகுதி கட்டையில் முட்டினால், கண் இமைக்கும் நேரத்துக்குள் ரம்பம் மேல்நோக்கி ஆளின் மீதே பாயும். கட்டையைக் கவ்வுகோலில் இறுக்கி வைக்காத பட்டறையில் மரத்துக்கு மட்டும் மரியாதை இருக்குமா? அன்றே திரும்பியிருக்க வேண்டும். திரும்பாமல் 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ரொக்கம், ரசீது இல்லை.

“தம்பி, மரம் இன்னும் பச்சையாக இருக்கிறதே” என்று கேட்டது நினைவிருக்கிறது. ஈரக் கட்டைதான் மெஷினுக்கு இலகு என்றார். இது பொய்யில்லை. ஈர மரத்தில் ரம்பம் எளிதாக ஓடும், தூசியும் குறைவு. வாகையின் காய்ந்த தூசி மூக்கில் ஏறினால் தும்மி மாளாது. ஆனால் செதுக்கிய பிறகு அந்த மரம் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. மெஷின் செதுக்கும் நாளைத்தான் குறைக்கும். மரம் காயும் நாளை அதனால் குறைக்க முடியாது. காற்றில் உலர ஓர் அங்குலக் கனப் பலகைக்கே ஏறக்குறைய ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் பழைய கணக்கு. ஏறக்குறைய இரண்டடி விட்டமுள்ள முழுக்கட்டைக்கு 10 நாள் எந்த மூலைக்கு?

பொங்கலுக்கு முந்தைய வாரம் மினி லாரியில் காளை வந்து இறங்கியது. இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், மூன்றடி நீளம். திமிலும் அலைதாடியும் அழகாகத்தான் இருந்தன. உடம்பெல்லாம் கறுப்புக் கலந்த அடர்ந்த சாயம். மயிலைக்குத் திமிலிலும் கழுத்திலும் முன்சப்பை, பின்சப்பையிலும்தானே கறுப்பு ஏறும், ஏன் முழுக்கப் பூசினீர்கள் என்று கேட்டேன். பார்வைக்காக என்றார். மீதி 18,000 ரூபாயைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டேன்.

மாசி வெயில் ஏறியதும் ஒரு மத்தியானம் ஆசாரத்தில் பட்டென்று ஒரு சத்தம். திமிலுக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை வெடிப்பு. ஐந்து ரூபாய் நாணயத்தை அதில் வைத்தேன், உள்ளே போய்விட்டது. இன்னும் உற்றுப் பார்த்தபோது, வெடிப்பின் ஓரத்தில் மாவு போல ஏதோ உதிர்ந்தது. நகத்தால் கீறினால் வழித்துக்கொண்டு வந்தது, பசையில் குழைத்த மரத்தூள். அதாவது சிலை பட்டறையில் இருந்தபோதே வெடித்திருக்கிறது. அதை அடைத்து, மேலே சாயம் பூசி, என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் தேர் வேலை செய்த ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் முதலில் வெடிப்பைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். குளம்பின் அடியில் கொஞ்சம் சுரண்டி, தொடை வரை விரலை ஓட்டி, “இது வாகை இல்லை, மா” என்றார். நான்கு கால்களும் மாங்கட்டை. திருகாணி போட்டு முடுக்கி, திருகாணித் தலையைப் பசைத்தூளால் மூடியிருக்கிறார்கள். கால்களைச் சுற்றித் தரையில் வெள்ளை மாவு கொட்டிக்கிடந்தது, அது உளுப்பு, மரத்தைப் பூச்சி அரித்த தூள். ஒரே கட்டையில் செய்து தருவதாகத்தான் பேச்சு.

பிறகு ஆசாரி சொன்னதுதான் எனக்குச் சுட்டது. படுக்கை வாக்கில் உள்ள கட்டையில் நிற்கும் காளையைச் செதுக்கவே கூடாது என்றார். மரத்தின் நார் உடம்பு நெடுக ஓடும், காலில் அது குறுக்கே அமையும், அப்படிப்பட்ட கால் ஒரு தட்டுக்குத் தாங்காது. எங்கள் காளையின் கால்கள் செதுக்கும்போதே உடைந்திருக்கும், அதனால்தான் வேறு கட்டையை ஒட்டியிருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. தொழில் தெரிந்தவர் முதல் நாளே, நந்தி மாதிரி படுத்த காளையாகச் செய்யலாம் என்று சொல்லியிருப்பாராம்.

வெடிப்புக்கும் விளக்கம் கொடுத்தார். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போலப் பெரும்பாலும் இரண்டு மடங்கு. நடுமையத்தோடு முழுக்கட்டையாக விட்டால் எங்காவது ஓரிடத்தில் பிளந்தே தீரும். அதனால் அடிவயிற்றுப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மையம் வரை ஒரு நீள வெட்டுப் போட்டுவிடுவார்கள். பிளவு பெரும்பாலும் அந்த வெட்டிலேயே விரிந்துகொள்ளும். அறுத்த முனைகள் இரண்டிலும் மெழுகு பூசி, நிழலில் மெதுவாகக் காயவிடுவார்கள். எங்கள் காளையில் இதில் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை. மரக்கடை நண்பர் ஈரப்பத மீட்டரை எடுத்துவந்து குத்திப் பார்த்தார். மேல்தோலில் 12 சதவீதம், வெடிப்பின் உள்ளே 26. அதாவது உள்ளே மரம் இன்னும் காயவில்லை.

பட்டறைக்காரரைக் கேட்டதற்கு, மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும் என்றார். வெடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். வெடித்ததை மறைத்து விற்றதற்கும், வாகையைக் கொடுத்தவனுக்கு மாங்கால் வைத்ததற்கும் பதில் கேட்டேன். அதற்குப் பிறகு அழைப்பை எடுப்பதில்லை.

யாராவது இப்படி வேலை கொடுப்பதாக இருந்தால், சாயமும் பசைத்தூளும் ஏறுவதற்கு முன்பே வெறும் மரமாகச் சிலையைக் கண்ணால் பாருங்கள், நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்த மரம், எத்தனை துண்டு, எத்தனை ஈரம், மிச்சக் கட்டை யாருக்கு என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் வாங்கவில்லை. என்னிடம் இருப்பது 18,000 ரூபாய் அனுப்பிய பதிவும், அதில் “காளை பாக்கி” என்று நான் எழுதிய குறிப்பும்தான். அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

மிச்சமிருந்த நாலடிக் கட்டையைப் போன வாரம் நேரில் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தேன். முனைகள் இரண்டும் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தன. ஆசாரி அந்தப் பகுதியை அறுத்தெறிந்துவிட்டு, மெழுகை உருக்கித் தன் கையாலேயே பூசினார். கட்டுத்தறிக் கூரைக்குக் கீழே, தரையில் படாமல் இரண்டு கல்லின் மேல் கிடக்கிறது. இரண்டு ஐப்பசி கழியட்டும், அதுவரை தொடாதே என்று சொல்லியிருக்கிறார்.