பிராசடியா, சினாப்ஸா: எதில் கைவைக்கலாம்?

அரட்டை நெறிமுறையில் (செயலிகளும் சர்வர்களும் செய்தி பரிமாறும் விதிகள்) விட்டுப்போன வசதி ஒன்றைச் சும்மா எழுதிக் கொடுக்க ஆசை. எங்கே போவது? எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையின் பிராசடி சர்வரா, மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு திறந்த நெறிமுறையின் சினாப்ஸ் சர்வரா?

பிராசடி, லுவா மொழியில் எழுதியது. ஒரு வசதி பெரும்பாலும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். அறுந்த இணைப்பைத் தொடரும், எக்ஸ்எம்பிபியின் 0198ஆம் விரிவாக்கத்தையே (நெறிமுறையோடு சேரும் கூடுதல் விதி) பாருங்கள். வந்த செய்திகளை இரு பக்கமும் எண்ணி வைக்கின்றன. சிக்னல் போய்த் திரும்பிய போன் ‘41 வரை வந்துவிட்டது’ என்கிறது. சர்வர் 42இலிருந்து அனுப்புகிறது. அவ்வளவுதான். ஆவணத்தை ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். (எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் ராத்திரித் தூக்கம் போகும், அது வேறு கதை.)

சினாப்ஸ் பைதானும் கொஞ்சம் ரஸ்ட்டும் கலந்தது; பைதான் தெரிந்தவருக்குப் பழகிய இடம். ஆனால் நெறிமுறையையே மாற்ற வேண்டுமென்றால் முன்மொழிவு எழுதி, ஓடும் நிரலும் காட்டி, கடைசியாக 5 நாள் கருத்துக் காலத்தையும் தாண்டவேண்டும். அப்புறம் உரிமம்: 2023 இறுதியில் சினாப்ஸ் ஏஜிபிஎல்லுக்கு (மாற்றிய நிரலையும் திறந்து காட்டச் சொல்லும் உரிமம்) மாறியதிலிருந்து, நிரல் தருபவர் அதைப் பயன்படுத்தும் உரிமையைத் தரும் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கவேண்டும். பிராசடிக்கோ நிபந்தனை குறைவான, எளிய எம்ஐடி உரிமம்.

முதல்முறை என்றால் நான் பிராசடி பக்கம்தான். பொறுமையும் விவாதிக்கத் தெம்பும் இருந்தால் சினாப்ஸுக்குப் போங்கள்.