அணுக்கரு இணைவு: டோகமாக்கா, ஸ்டெல்லரேட்டரா, லேசரா?

லேசான அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைத்து ஆற்றல் எடுப்பதுதான் அணுக்கரு இணைவு. 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலை எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் பிரான்சின் வெஸ்ட் டோகமாக் என்ற வளைய வடிவ காந்த இயந்திரம், பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற மிகச் சூடான வாயுவை, 1,337 நொடிகள் அணையாமல் வைத்திருந்தது. இரண்டில் எது பெரிது? ஒப்பிடவே முடியாது. முன்னது கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோன வெடிப்பு. பின்னதில் இணைவு ஆற்றல் எடுக்கும் நோக்கமே கிடையாது. அதனால் சாதனைக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, லேசர், டோகமாக், ஸ்டெல்லரேட்டர் என்ற மூன்று வழிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: மின் நிலையமாகக் கட்டினால் நாள் முழுக்க ஓடுமா?

லேசரை முதலில் முடித்துவிடலாம். எரிபொருள் தான் வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்தது இந்த வழியில் மட்டும்தான். அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் அந்த 2.05 மெகாஜூல் ஒளியை உண்டாக்க 192 லேசர் கற்றைகளுக்குச் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் போனது. பழைய தலைமுறை லேசர்கள், புதியவை சிக்கனமானவை என்பார்கள். சரி, ஏற்கலாம். அப்புறமும் சிக்கல் தீராது: மின் நிலையம் என்றால் லேசர் தாக்கும் சிறு எரிபொருள் உருண்டைகளான குளிகைகள் நொடிக்குப் பத்தாவது வெடிக்க வேண்டும், ஒவ்வொன்றும் நுணுக்கமாகச் செய்த, மலிவான குளிகையாக இருக்க வேண்டும். லிவர்மோரின் இன்றைய லேசர் நிலையமோ நாளுக்கு ஒரு சில முறை சுட்டாலே பெரிது. அது முதன்மையாக அணு ஆயுத ஆய்வுக்காகக் கட்டப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

உண்மையான போட்டி, காந்தப்புலத்தால் பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கும் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில்தான். வயதில் மூத்தது ஸ்டெல்லரேட்டர். 1951இல் பிரின்ஸ்டனில் லைமன் ஸ்பிட்சர் யோசித்தது. ஆனால் 1968இல் சோவியத் விஞ்ஞானிகள் தங்கள் டோகமாக்கில் கிடைத்த வெப்பநிலையை அறிவித்தபோது மேற்குலகம் நம்பவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்தக் காலத்திலும் பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு லேசர் கருவிகளோடு மாஸ்கோவுக்கே போய் அளந்து பார்த்தது. சொன்னது சரி என்று தெரிந்ததும் உலகமே டோகமாக் பக்கம் சாய்ந்தது.

அந்தச் சாய்வுக்குப் பலன் இருந்தது. கல்ஹாமின் ஜெட் டோகமாக் தன் கடைசி மாதங்களில், 2023இல், 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 5.2 நொடிகளில் 69 மெகாஜூல் எடுத்தது. உள்ளே செலுத்திய வெப்பம் அதைவிட அதிகம் என்றாலும், டியூட்டீரியம்–ட்ரிட்டியம் என்ற எடை கூடிய ஹைட்ரஜன் வகைகளின் கலவையை எரித்த அனுபவத்தில் டோகமாக்கை நெருங்க ஆளில்லை.

அதன் பலவீனமும் பிறவியிலேயே வந்தது. பிளாஸ்மாவுக்குள்ளேயே பெரும் மின்னோட்டம் ஓடினால்தான் டோகமாக் நிற்கும். பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஈட்டர் டோகமாக்கில் அது 1.5 கோடி ஆம்பியர். அந்த ஓட்டம் திடீரென முறிந்தால் அத்தனை ஆற்றலும் மில்லிநொடிகளில் சுவர்மீது இறங்கும். ஆய்வகத்தில் இதைப் பழுது பார்த்துச் சமாளிக்கலாம். மின் நிலையத்தில்?

ஈட்டரின் அட்டவணையும் நீண்டுகொண்டே போகிறது. 2024இல் வந்த புதிய திட்டப்படி ட்ரிட்டியம் எரிப்பது 2039இல்தான். இதற்கு மாற்றாகத்தான் சிறிய டோகமாக் வந்தது. காந்தப்புலம் இரட்டிப்பானால் அதே கொள்ளளவில் இணைவுத் திறன் ஏறத்தாழ 16 மடங்காகும். காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனமும் எம்ஐடியும் 2021இல் மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் புதுவகை மீக்கடத்தி நாடாவால் 20 டெஸ்லா காந்தத்தை இயக்கிக் காட்டின. அவர்கள் கட்டும் ஸ்பார்க் என்ற சிறிய டோகமாக்கில் பிளாஸ்மா நடுவே புலம் சுமார் 12 டெஸ்லா, ஈட்டரில் 5.3. முதலில் நிகர ஆற்றல் காட்டப்போகும் காந்த இயந்திரம் இதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் உடல் சிறுத்தால் சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் வாங்கும் வெப்பம் கூடும்.

ஸ்டெல்லரேட்டருக்கு அந்த உள் மின்னோட்டம் தேவையில்லை. வெளியே உள்ள சுருள்களின் வளைவே புலத்தை முறுக்கிவிடுகிறது. அதனால் அந்தத் திடீர் முறிவுப் பயமும் இல்லை. விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும்: ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸில் விசித்திரமாக வளைந்த 50 மீக்கடத்திச் சுருள்கள் இருக்கின்றன. கணினி இல்லாத காலத்தில் அவற்றை வடிவமைத்திருக்கவே முடியாது. கட்டி முடிக்கப் பல ஆண்டு தாமதமும் ஆனது. ஆனால் 2023இல் எட்டு நிமிடம் பிளாஸ்மாவைத் தாங்கியது. 2025 மே மாதம், அடர்த்தி, வெப்பநிலை, வெப்பத்தைத் தக்கவைக்கும் நேரம் மூன்றையும் பெருக்கிய அளவீட்டில், நீண்ட பிளாஸ்மாக்களுக்கான உச்சத்தை 43 நொடிகள் நிலைநிறுத்தியது. ட்ரிட்டியத்தை அது தொட்டதே இல்லை. அந்தக் குறை பெரிதுதான். ஆனாலும் நான் கேட்ட கேள்விக்கு என் ஓட்டு இதற்கே.

மூன்றுக்கும் பொதுவான ஒரு தலைவலி உண்டு, செய்திகளில் அதிகம் வராதது. 1,000 மெகாவாட் இணைவுத் திறனை ஓராண்டு ஓட்ட ஏறத்தாழ 55 கிலோ ட்ரிட்டியம் வேண்டும். உலகில் இதற்குக் கிடைக்கும் இருப்பே சில பத்துக் கிலோதான், அதுவும் 12.3 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். ஆகவே உலையைச் சுற்றி லித்தியம் போர்வை அமைத்து, இணைவில் வெளியாகும் நியூட்ரான்கள் அதில் மோதுவதால் ட்ரிட்டியத்தை எரித்ததைவிடச் சற்று அதிகமாகவே விளைவித்துக்கொள்ள வேண்டும். லேசரோ டோகமாக்கோ ஸ்டெல்லரேட்டரோ, அப்படி விளைவித்துக் காட்டிய இயந்திரம் இதுவரை ஒன்றுகூட இல்லை.