மனச்சோர்வுக்கு இணையவழி சுயஉதவி: தனியாகச் செய்வதா, ஆள் துணையோடு செய்வதா?

முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து மனநலக் கிளினிக்குக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். போனிலேயே செய்யக்கூடிய திட்டம் ஏதும் இருக்கிறதா என்று பலர் தேடுவது நியாயமே. திட்டத்தைத் தெரிவுசெய்யும்போது முதலில் பார்க்கவேண்டியது, மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதே.

ஆள் இல்லாத வகைக்குப் பழைய உதாரணம் மூட்ஜிம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கியது. மனதில் ஓடும் எண்ணத்தை எழுதி, அது சரிதானா என்று சோதித்து, மாற்றி எழுதப் பழக்கும். பிரித்தானியாவில் 691 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மூட்ஜிம்மும் 'பீட்டிங் த ப்ளூஸ்' திட்டமும் வழக்கமான மருத்துவக் கவனிப்புக்கு மேல் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. பெரும்பாலானோர் ஒன்றிரண்டு அமர்வோடு விட்டுவிட்டார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடாதீர்கள். எதையும் தொடங்க மனம் வராததே இந்த நோயின் அறிகுறி.

ஆள் துணையுள்ள வகைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப் பை ஸ்டெப்' நல்ல மாதிரி. ஐந்து அமர்வுகள். பயிற்சி பெற்ற சாதாரண உதவியாளர் வாரம் சுமார் 15 நிமிடம் தொடர்புகொள்வார். லெபனானில் சிரிய அகதிகளிடம் சோதித்தபோது மனச்சோர்வு குறைந்தது.

இப்படியான இணையவழித் திட்டங்கள் பற்றிய 39 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வந்த அலசல் தெரிவை எளிதாக்குகிறது. மனச்சோர்வின் அளவை அறிய உதவும் பிஎச்கியூ-9 வினாக்கொத்தில் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய 9 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. கூட்டுத்தொகை 5–9 என்றால் தனியாகச் செய்தாலும் ஏறக்குறைய அதே பலன். 9ஐத் தாண்டினால் ஆள் துணையுள்ளதே மேல். 20 அல்லது அதற்கு மேல் என்றால் கூலி போனாலும் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும்.

வன்னியில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடமும், நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து நிற்கும் வீட்டிலும், 'இந்த எண்ணம் உண்மையா?' என்று கேட்கும் பயிற்சி புண்ணைக் கிளறும். பிரச்சினை உண்மையானது. அங்கே எண்ணத்தைச் சோதிப்பதைவிட, செயலைச் சிறிதாக்கித் தொடங்கவைக்கும் முறை பொருந்தும். 'ஸ்டெப் பை ஸ்டெப்' பெரும்பாலும் அந்த முறையில்தான் நடக்கிறது.

அதைச் செய்வது இப்படி. 'வளவைத் துப்பரவாக்குவன்' என்று எழுதினால் நடக்காது. 'நாளைக்குப் பின்னேரம் நாலரைக்கு இரண்டு பாத்தி மிளகாய்க்குத் தண்ணி விடுவன்' என்று எழுதவேண்டும். முன்னும் பின்னும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். மணி வந்ததும் தொடங்குங்கள். செய்யமுடியாமல் போனால் அடுத்தமுறை ஒரு பாத்தி.

பயிற்சி பெற்ற உதவியாளர் கிடைக்காவிட்டால், நம்பிக்கையான அக்காவோ ஆசிரியரோ கிழமைக்கு ஒருமுறை அழைக்கலாம். கேட்கவேண்டியவை நான்குதான்: செய்தீங்களா? எது மறிச்சது? வாற கிழமை என்ன செய்யப்போறீங்க? எத்தனை மணிக்கு? புத்திமதி சொல்லத் தொடங்கினால் அடுத்த அழைப்பை எடுக்கமாட்டார்கள்.

அரட்டைச் செயலிகளை முக்கிய துணையாக நம்பவேண்டாம். பெயர்பெற்ற வோபாட் 2025 ஜூன் 30இல் நிறுத்தப்பட்டது.

வீட்டுக்கு ஒரே போன் என்றால், குறிப்புகளைக் கொப்பியில் எழுதி வைப்பதே பாதுகாப்பு. ஒலிப்பதிவுகளை சிக்னல் நல்ல இடத்தில் ஒரேயடியாக இறக்கி, இயர்போனில் கேளுங்கள்.

பிஎச்கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பதைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும் திட்டத்தை நிறுத்திவிட்டு தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். வீட்டிலுள்ள பூச்சிமருந்துப் போத்தல்களை அன்றைக்கே வேறோர் இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். கிளினிக் தந்த குளிசைகளை எந்த ஆப் தொடங்கினாலும் தாமாக நிறுத்தக்கூடாது.