பிள்ளைகளுக்கான பற்பசை: டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கீழக்கரையிலோ மண்டபத்திலோ மெடிக்கலில் போய் "பிள்ளைக்குப் பேஸ்ட்" என்று கேட்டால், பொம்மை போட்ட ஸ்ட்ராபெரி ஜெல்லைத்தான் எடுத்து வைப்பார்கள். டியூபைத் திருப்பிப் பாருங்கள். சில ஜெல்களில் சொத்தையைத் தடுக்கும் புளோரைடே கிடையாது; சிலவற்றில் 500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 500 பங்கு) அளவில்தான். கொடுக்கிற காசு வாசனைக்குத்தான். சொத்தையைத் தடுக்க, முதல் பல் முளைத்ததிலிருந்தே 1000 பிபிஎம் வேண்டும். 'சோடியம் மோனோபுளோரோபாஸ்பேட் 0.76%' அல்லது 'சோடியம் புளோரைடு 0.22%' என்றிருந்தால் அதுவும் ஏறக்குறைய 1000தான். பெரியவர்கள் தேய்க்கும் சாதாரண வெள்ளைப் பேஸ்ட் பலவற்றில் இது உண்டு. புதினாக் காரத்துக்குப் பிள்ளை முகம் சுளிக்கும், அதுதான் குறை.

பிழிவது உம்மாவோ அம்மாவோதான்; டியூபைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். 3 வயதுக்குள் ஓர் அரிசி மணி, 3 முதல் 6 வரை ஒரு பட்டாணி. விளம்பரத்தில் பிரஷ் நிறையச் சுருட்டி வைப்பதுபோல வைத்து, தினமும் அதை விழுங்கினால் நிலைப்பற்களில் வெள்ளைத் திட்டு விழும். போர் தண்ணீர் குடிக்கிற வீடென்றால், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, பல் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். தேய்த்ததும் துப்பினால் போதும், கொப்பளித்தால் புளோரைடு கழுவிப்போகும். ராத்திரி தேய்த்த பிறகு கருப்பட்டிப் பால் பாட்டிலோடு தூங்கவைத்தால் எந்தப் பேஸ்ட்டும் காப்பாற்றாது. தொதல் என்கிற ஒட்டும் அல்வா இன்னும் மோசம், கடைவாய்ப் பல் குழியில் அப்பிக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரே தடவையில் தின்னட்டும்.

ஈறில் பரு மாதிரிக் கொப்புளம் கிளம்பிவிட்டதா? அது பேஸ்ட்டுக்கு அடங்காது. பால் பல்லில் எனாமல் மெல்லிசு, நரம்பும் கிட்டவே இருப்பதால் சொத்தை சீக்கிரம் இறங்கிச் சீழ் கட்டும். கொப்புளம் உடைந்ததும் வலி விட்டுப்போகும். ஆறிவிட்டது என்று அங்கேதான் ஏமாறுவோம். சீழ் உள்ளேயே இருந்து, அடியில் வளரும் நிலைப்பல்லையும் கெடுக்கும். கிராம்புத் தைலம் ஈறைப் புண்ணாக்கும். ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் வீக்கம் வடிந்து, பிறகு திரும்ப வரும். வேர் சிகிச்சை, இல்லையென்றால் பிடுங்குவது. கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது என்பதால், முன்னாடியே பிடுங்கினால் இடம் மூடிக்கொள்ளாமல் கம்பி வளையம் போடணுமா என்று கேளுங்கள். காய்ச்சலோடு கன்னமோ கண்ணுக்குக் கீழோ வீங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.