ஆடவர் ஜயண்ட் ஸ்லாலம் 2023–24 பருவம்: நேரலைச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

ஜயண்ட் ஸ்லாலம் என்பது சரிவில் நடப்பட்ட வாயில்களை (கம்பங்களை) வளைந்து வளைந்து கடந்து இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயம். சந்தா செலுத்தி இணையத்தில் பார்த்த இந்தப் பருவத்தின் தொடக்கமே ஏமாற்றம்தான். ஆஸ்திரியாவின் சோல்டன் பந்தயம் பலத்த காற்றினால் முதல் சுற்றின் நடுவிலேயே கைவிடப்பட்டது. ஆனால் அதன் பின் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் தொடர்ந்து 9 பந்தயங்களை வென்றதை முழுமையாகப் பார்க்கக் கிடைத்தது ஒன்றே கொடுத்த பணத்துக்குத் தகும்.

ஒளிபரப்பின் சிறப்பு அதன் கேமராக்களில் உள்ளது. சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் உள்ள செங்குத்தான இறுதிச் சரிவில், வீரரின் இடுப்பு பனியை உரசுமளவு சாய்வதையும், அழுத்தம் தாங்காமல் வெளிப்புறப் பனிச்சறுக்குப் பலகை ஒரு கணம் நழுவி மீண்டும் பிடிப்பதையும் மெதுவோட்டத்தில் காட்டியபோது, ஓடர்மாட் ஏன் மற்றவர்களைவிட வேகமானவர் என்பது விளக்கமின்றியே புரிந்தது. முதல் சுற்றின் முதல் 30 பேர் இரண்டாம் சுற்றில் தலைகீழ் வரிசையில், அதாவது வேகமானவர் கடைசியாக, இறங்குவதால், திரையில் இடைநேரம் பச்சையிலிருந்து (முன்னிலை) சிவப்பாக (பின்தங்கல்) மாறும் ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. வர்ணனை சுமார்தான், வாயில்கள் நடப்பட்டிருக்கும் விதம் பற்றி அது ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை, இது பெரிய குறை.

ஆஸ்திரியாவின் சால்பாகில் நடந்த கடைசிப் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் ஓடர்மாட் தடம் தவறி வெளியேற, சக நாட்டவரான லோயிக் மேயார் வென்றார். ஒருவரே வெல்லும் பருவம் சலிப்பூட்டும் என்பவர்கள் அந்தப் பந்தயத்தையாவது அவசியம் பார்க்க வேண்டும்.